சாட்டிலைட் போன்: முதல்முறை எடுத்துப் போகிறவர்களுக்கு

செல்போன் டவர் எட்டாத இடங்களில் வேலை பார்ப்பவர்கள் நிறைய. மலையேறும் குழுக்கள், வாரக்கணக்கில் கடலில் இருக்கும் படகுகள், காட்டுக்குள் கணக்கெடுக்கும் ஆய்வாளர்கள், பாலைவனத்தில் சாலை போடுகிறவர்கள். வெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ டவர்கள் எல்லாம் சாய்ந்துபோன ஊருக்குள் முதலில் நுழையும் மீட்புக் குழுக்களுக்கும் இதே நிலைதான். இவர்களுக்கெல்லாம் சாட்டிலைட் போன்தான் கைகொடுக்கிறது.

கருவி எளிமையானதுதான். ஆனால் பையிலிருந்து எடுத்தவுடன் செல்போன் மாதிரி பேசிவிடலாம் என்று நம்பிப் போகிறவர்கள், அவசரம் வரும் நேரத்தில் திணறிப்போகிறார்கள். அதனால் வாங்குவதற்கு முன்பிருந்து, திரும்பி வந்து அலமாரியில் வைப்பதுவரை, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இதில் நான் அதிகம் வலியுறுத்தப் போவது, ஊரில் இருந்தபடி உங்கள் அழைப்பை எடுக்கப்போகிறவரைப் பற்றி. போனைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான்.

உங்களுக்கு வேண்டியது போன்தானா?

கடைக்குப் போகும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். செயற்கைக்கோளோடு பேசும் கருவிகள் இப்போது பல வகையாக இருக்கின்றன. எல்லோருக்கும் குரலில் பேசும் வசதி தேவைப்படுவதில்லை.

ஒன்று, அவசர பீக்கன். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், "நான் ஆபத்தில் இருக்கிறேன், இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லும். காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு அமைப்பு அந்தச் சிக்னலைப் பிடித்து, அந்தப் பகுதியின் மீட்பு மையத்துக்குத் தகவல் அனுப்பும். 1982 முதல் இந்த ஏற்பாட்டால் உயிர்கள் காப்பாற்றப்பட்டு வருகின்றன. மாதச் சந்தா கிடையாது. உங்கள் பெயரில் பதிவு செய்து வைத்தால் போதும். ஆனால் அதில் யாரோடும் பேச முடியாது, "கால் முறிந்திருக்கிறது, தூக்குப்படுக்கை கொண்டுவாருங்கள்" என்று விவரம் சொல்லவும் வழியில்லை.

அடுத்தது, கார்மின் இன்ரீச், ஸ்பாட் போன்ற சிறு கருவிகள். உள்ளங்கையில் அடங்கும். எஸ்.ஓ.எஸ். பொத்தான் இருக்கும், இருக்கும் இடத்தை அவ்வப்போது ஊருக்கு அனுப்பும். இன்ரீச்சில் குறுஞ்செய்தி அனுப்பவும் வாங்கவும் முடியும். தனியாக மலையேறுகிறவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. எடையும் குறைவு, பேட்டரியும் நாள்கணக்கில் தாங்கும்.

மூன்றாவது, நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் ஸ்மார்ட்போன். 2022இல் ஐபோன் 14 வந்ததிலிருந்து, டவர் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி சில போன்களில் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் இந்த வசதி எல்லா நாடுகளிலும் திறந்துவிடப்படவில்லை. நீங்கள் போகும் நாட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் இதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

இவற்றையெல்லாம் தாண்டி, குரலில் பேசியே ஆக வேண்டிய வேலைகள் உண்டு. காயம்பட்டவருக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டும். ஹெலிகாப்டர் இறங்க இடம் எப்படி இருக்கிறது என்று விமானிக்கு விவரிக்க வேண்டும். பத்து இருபது பேரின் பொறுப்பு உங்கள் கையில் இருக்கும். அப்படியென்றால் போன்தான் சரி. மேலே படியுங்கள்.

வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள்

இதை இரண்டாவதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல நாடுகளில் சாட்டிலைட் போனுக்கு முன்அனுமதி வேண்டும். சில இடங்களில் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துரையா, இரிடியம் என்ற சாட்டிலைட் சேவைகளின் போன்களைக் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். அனுமதி பெற்றவர்களுக்கு பி.எஸ்.என்.எல். வழியாக இன்மார்சாட் என்ற இன்னொரு சாட்டிலைட் சேவை கிடைக்கிறது. விவரம் தெரியாமல் பையில் வைத்துக்கொண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கைச் சந்தித்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. இன்ரீச் போன்ற குறுஞ்செய்திக் கருவியை வைத்திருந்தவர்களும் மாட்டியிருக்கிறார்கள். "இது போன் இல்லையே" என்ற பதில் அங்கே எடுபடாது.

ஆகவே நீங்கள் போகும் நாடு, வழியில் விமானம் மாறும் நாடு, எல்லை தாண்டிப் போகக்கூடிய பக்கத்து நாடு, மூன்றின் விதிகளையும் அந்தந்த நாட்டுத் தூதரகத்திடமோ தொலைத்தொடர்பு ஆணையத்திடமோ கேட்டுவிடுங்கள். அனுமதிக் கடிதம் கிடைத்தால் அதன் நகலைப் போனோடு வையுங்கள். போனின் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) அந்தக் கடிதத்தில் சரியாக இருக்கிறதா என்று பேட்டரியைக் கழற்றி ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நெட்வொர்க்?

போனின் மாடலை விட முக்கியமானது, அது எந்தச் செயற்கைக்கோள்களோடு பேசுகிறது என்பது. ஒரு நெட்வொர்க்குக்கான போன் இன்னொன்றில் வேலை செய்யாது. அதனால் இடத்தைப் பார்த்து நெட்வொர்க்கை முடிவு செய்யுங்கள், நெட்வொர்க்கைப் பார்த்துப் போனை வாங்குங்கள்.

இரிடியம் என்பது தரையிலிருந்து ஏறக்குறைய 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 செயற்கைக்கோள்களின் கூட்டம். துருவங்களை ஒட்டிய பாதைகளில் சுற்றுவதால் வட துருவம், தென் துருவம் உட்படப் பூமியின் எல்லா இடத்திலும் கிடைக்கும். 1998இல் சேவை தொடங்கி, அடுத்த ஆண்டே நிறுவனம் திவாலாகி, பிறகு மீண்டெழுந்து, 2017க்கும் 2019க்கும் இடையில் பழைய செயற்கைக்கோள்களை எல்லாம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். இதில் ஒவ்வொரு செயற்கைக்கோளும் சுமார் 100 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், ஒன்று அடிவானத்தில் தோன்றி மறைய அதிகபட்சம் பத்து நிமிடம்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு அழைப்பு கைமாறும். மலையோ மரமோ நடுவில் வந்தால் அந்தக் கைமாற்றத்தில் அழைப்பு அறுந்துபோகும். சில நிமிடம் பொறுத்தால் வேறொன்று தலைக்கு மேல் வரும்.

இன்மார்சாட்டும் துரையாவும் வேறு வகை. இவற்றின் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன. அதனால் நம் கண்ணுக்கு வானில் ஒரே இடத்தில் நிற்கும். ஒருமுறை திசையைக் கண்டுபிடித்துவிட்டால் அழைப்பு நிலையாக இருக்கும், அடிக்கடி அறுந்துபோகாது. ஆனால் அந்தத் திசையில் ஒரு மலை நின்றால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. துருவங்களை நோக்கிப் போகப் போக அந்தச் செயற்கைக்கோள் அடிவானத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகும், துருவப் பகுதியில் மறைந்தேவிடும். வட அரைக்கோளத்தில் ஒரு மலையின் வடக்கு அடிவாரத்தில் கூடாரம் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். செயற்கைக்கோள் இருக்கும் தெற்குத் திசையை அந்த மலையே மறைத்துக்கொண்டு நிற்கும். கூடாரத்திலிருந்து பேச முடியாது, வெளியே நடக்க வேண்டும்.

குளோபல்ஸ்டார் என்று நான்காவது ஒன்று உண்டு. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 1,400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல், உங்கள் குரலை அப்படியே அருகிலுள்ள தரை நிலையத்துக்கு இறக்குபவை. எனவே தரை நிலையம் எட்டாத நடுக்கடலில் குரல் சேவை இருக்காது.

என் தேர்வைக் கேட்டால்: துருவம், உயரமான மலை, நடுக்கடல் என்றால் இரிடியம். ஒரே இடத்தில் முகாம் போட்டுத் தினமும் நீண்ட நேரம் பேச வேண்டிய வேலை, வானம் திறந்த நிலப்பரப்பு என்றால் இன்மார்சாட். துரையா அமெரிக்கக் கண்டங்களில் கிடைக்காது. ஆசியா, ஆஸ்திரேலியாவைப் பார்த்துக்கொண்டிருந்த துரையா-3 செயற்கைக்கோள் 2024 ஏப்ரலில் பழுதாகி, அதை நம்பியிருந்தவர்களின் போன்கள் எல்லாம் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. பழைய போன் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் இதை நினைவில் வையுங்கள். அந்த நெட்வொர்க் நீங்கள் போகும் இடத்தில் இன்றைக்கு வேலை செய்கிறதா என்று நிறுவனத்தின் தற்போதைய வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

வாங்குவதா, வாடகைக்கா?

ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வாரம் போகிறவருக்கு வாடகையே போதும். அடிக்கடி போகிறவர் சொந்தமாக வாங்கலாம். இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. சிம் விஷயத்தில்தான் கவனம் வேண்டும்.

ப்ரீபெய்டு சிம்மில் நிமிடங்களுக்குக் காலக்கெடு உண்டு. 30 நாள், ஆறு மாதம், ஓராண்டு என்று பலவகை. கெடு முடிந்தால் மிச்சமிருந்த நிமிடங்கள் போய்விடும். அதன் பிறகும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண்ணே போய்விடும். கெடு எப்போது தொடங்குகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிம்மை ஆக்டிவேட் செய்த நாளிலிருந்தா, முதல் அழைப்பிலிருந்தா? பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே உற்சாகத்தில் ஆக்டிவேட் செய்துவிட்டு, மலைமேல் நிற்கும்போது கெடு முடிந்துபோனால் யாரிடம் போய்ச் சொல்வது?

போஸ்ட்பெய்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நிமிடக் கணக்கு கையை மீறிப் போகலாம். நிறுவன வேலையாகப் போகும் குழுவுக்கு போஸ்ட்பெய்டு பொருத்தம். தனிநபருக்கு ப்ரீபெய்டு.

கிளம்பும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை

போன் கைக்கு வந்த அன்றே மொட்டைமாடிக்கோ திறந்த மைதானத்துக்கோ எடுத்துப் போங்கள். உங்கள் நாட்டில் அதை அங்கே இயக்க அனுமதி இருந்தால்தான் இது. இல்லையென்றால் அனுமதி உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளே செய்துவிடுங்கள். முழு சார்ஜ் ஏற்றி, சிம் போட்டு, ஆன் செய்து, ஒரு அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி இரண்டையும் முழுதாகச் செய்து பாருங்கள். இரிடியத்தில் இதற்கென்று இலவசச் சோதனை எண் இருக்கிறது, விற்பவரிடம் கேட்டால் சொல்வார். ஆனால் அந்த எண்ணோடு நிறுத்தாதீர்கள். அவசரத்தில் யாரை அழைக்கப் போகிறீர்களோ அவரையே அழைத்துப் பாருங்கள்.

எண்களைச் சேமிக்கும்போது எல்லாவற்றையும் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண் என்ற வரிசையில் போடுங்கள். பக்கத்து ஊரில் இருப்பவரை அழைத்தாலும் சாட்டிலைட் போனுக்கு அது வெளிநாட்டு அழைப்புதான். செல்போனில் பத்து இலக்கமாகச் சேமித்திருப்பதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு போனால் அழைப்பு போகாது. குளிரில் கை நடுங்கிக்கொண்டு, என்ன தப்பு என்று தெரியாமல் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பீர்கள்.

சிம்முக்கு PIN என்ற பூட்டு எண் இருந்தால் அதை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் போனோடு வையுங்கள். மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு நிறுவனத்தை அழைக்க வேண்டும், அழைப்பதற்குப் போன் இருக்காது. இந்தக் காரணத்துக்காகவே அந்த PIN எண்ணை முழுதாக நீக்கிவிடுவது நல்லது என்று நான் சொல்வேன். அப்புறம், குழுவில் உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேருக்காவது போனை இயக்கத் தெரிய வேண்டும். பள்ளத்தில் விழுவது போன் தெரிந்தவராகவே இருக்கலாம். சுருக்கமாக நாலைந்து வரியில் இயக்கும் முறையை எழுதி, அதே உறைக்குள் போடுங்கள்.

ஊரில் இருப்பவரைத் தயார் செய்யுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு மாலைப் பொழுதை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதல் சிக்கல், உங்கள் எண். இரிடியம் எண்கள் 8816 அல்லது 8817 என்று தொடங்கும், இன்மார்சாட் 870, துரையா 88216. இப்படி ஒரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வீட்டில் இருப்பவர் என்ன நினைப்பார்? ஏதோ மோசடி என்று நினைத்து வெட்டிவிடுவார். விவரமானவராக இருந்தால் பிளாக்கே செய்துவிடுவார். சில சமயம் எண்ணே தெரியாமல் "பிரைவேட்" என்றும் விழும். அதனால் உங்கள் எண்ணை அவர் போனில் பெயரோடு சேமித்துக் கொடுங்கள். இந்த நாட்களில் தெரியாத எண்ணிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். வாய்ஸ்மெயில் இருந்தால் அணைத்துவிடச் சொல்லுங்கள், அதற்குப் போனாலும் உங்கள் நிமிடம் குறையும்.

இரண்டாவது, அவர் உங்களைத் திருப்பி அழைப்பது. சாதாரண போனிலிருந்து சாட்டிலைட் எண்ணுக்கு அழைத்தால் கட்டணம் மிக அதிகம். பல செல்போன் நிறுவனங்கள் அந்த எண்களுக்கு அழைப்பையே அனுமதிப்பதில்லை. கிளம்பும் முன் முயன்று பார்த்துவிடுங்கள். போகவில்லை என்றால், இரிடியம், இன்மார்சாட் இரண்டுக்குமே இணையத்திலிருந்து குறுஞ்செய்தி அனுப்பும் வழி உண்டு. அவரை ஒருமுறை அனுப்ப வைத்துப் பழக்குங்கள். ஒரு செய்திக்கு 160 எழுத்துதான் இடம். தமிழ் எழுத்தில் அடித்தால் அது 70 ஆகச் சுருங்கும், போன் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரியும் வாய்ப்பும் அதிகம். எனவே ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கச் சொல்லுங்கள். வானிலை, மற்றச் செய்தி எல்லாவற்றுக்கும் இதுவே வசதி.

மூன்றாவது, நேரம். சாட்டிலைட் போனை நாள் முழுக்க ஆன் செய்து வைக்க மாட்டீர்கள், பேட்டரி தாங்காது. "தினமும் மாலை 6 மணிக்கு ஆன் செய்வேன், 6.20க்கு அணைப்பேன்" என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த நாட்டு நேரப்படி 6 மணி என்பதையும் சொல்லிவிடுங்கள். நேர வித்தியாசத்தைத் தப்பாகப் போட்டு இரண்டு பக்கமும் பதறுவது அடிக்கடி நடக்கிறது.

நான்காவது, அழைப்பு வராவிட்டால் என்ன செய்வது? இதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் வராவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம், பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காமல் இருக்கலாம். இரண்டாவது நாளும் வராவிட்டால் குழு ஏற்பாட்டாளரிடம் பேச வேண்டும். மூன்றாவது நாளும் தவறினால் இந்த மீட்பு மையத்தை இந்த எண்ணில் அழைக்க வேண்டும். கெடுவை உங்கள் பயணத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் கெடு என்று ஒன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர் முதல் நாளே ஊரைக் கூட்டுவார், அல்லது "நாளைக்குப் பேசுவார்" என்று ஒரு வாரம் காத்திருப்பார்.

களத்தில்: சிக்னல் பிடிப்பது

கட்டடத்துக்குள், வாகனத்துக்குள், படகின் அறைக்குள் இருந்தால் வேலை செய்யாது. வெளியே வந்தே ஆக வேண்டும். மேகமோ மழையோ பெரிய தடையில்லை, இந்தப் போன்கள் பயன்படுத்தும் எல்-பேண்ட் அலைகள் அவற்றை ஊடுருவிப் போகும். தடையாவது திடப்பொருள்: பாறை, கட்டடம், அடர்ந்த மரக்கிளை. மழைக்குப் பின் ஈர இலைகள் நிறைந்த காடு மிக மோசம். அரை கிலோமீட்டர் நடந்தாவது மரமில்லாத வெளி, ஆற்று மணல், மேட்டு உச்சி ஒன்றைத் தேடுங்கள். வழியில் நடக்கும்போதே "இங்கே பேசலாம்" என்று தோன்றும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு போவது நல்ல பழக்கம்.

ஆன்டெனாவைக் கடைசிவரை இழுத்து, வானத்தைப் பார்த்து நிமிர்த்துங்கள். இதில் பாதிப் பேர் தவறுகிறார்கள். பாதி இழுத்துவிட்டு விடுவார்கள், அல்லது போனைக் காதில் வைத்துத் தலையைச் சாய்க்கும்போது ஆன்டெனாவும் சேர்ந்து சாய்ந்துவிடும். போனை எப்படிப் பிடித்தாலும் ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி அதன் அடிமூட்டைத் திருப்பிக்கொள்ளலாம். காதுக்கருவி மாட்டிக்கொண்டு, போனைப் பாறைமேல் நிறுத்தி வைத்துவிட்டுப் பேசினால் இன்னும் நல்லது.

இன்மார்சாட், துரையா போன்கள் நெட்வொர்க்கில் சேரும் முன் ஜி.பி.எஸ். மூலம் தம் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரொம்ப நாள் அணைத்து வைத்திருந்தாலோ, நெடுந்தூரம் கடந்து வந்திருந்தாலோ இதற்கே சில நிமிடம் பிடிக்கும். ஆன் செய்தவுடன் "சிக்னல் இல்லை" என்று அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்கும். ஆன் செய்து, ஓரிடத்தில் வைத்து, பொறுமையாக நில்லுங்கள். திரையில் பதிவாகிவிட்டது என்ற அறிவிப்பு வந்த பிறகுதான் எண்ணை அழுத்த வேண்டும். சிக்னல் கோடுகள் மட்டும் தெரிவது போதாது.

இரிடியத்தில் திசை தேட வேண்டாம், வானம் எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. மற்ற இரண்டிலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் திரும்பி நில்லுங்கள். வடக்கில் இருந்தால் தெற்குப் பக்கம், தெற்கில் இருந்தால் வடக்குப் பக்கம். கிழக்கு மேற்காகக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் கோடுகள் கூடும் இடம் தெரிந்துவிடும்.

பேசுவது எப்படி

இன்மார்சாட்டில் உங்கள் குரல் 36,000 கிலோமீட்டர் மேலே போய், அதே தூரம் கீழே வர வேண்டும். ஒளியின் வேகத்திலேயே போனாலும் கால் நொடி ஆகும். அவர் பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. அதற்கு மேல் கருவிகளின் தாமதம் வேறு. பழகாதவர்கள் "ஹலோ, கேட்குதா?" என்று ஒரே நேரத்தில் கேட்டு, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். ஒரு நிமிடம் இதிலேயே போய்விடும். ஒரு வாக்கியம் சொல்லி முடித்ததும் "ஓவர்" என்று சொல்லிவிட்டு வாயை மூடி இரண்டு நொடி காத்திருங்கள். வீட்டில் இருப்பவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

அழைக்கும் முன் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமானது முதல் வாக்கியத்தில் வர வேண்டும், அழைப்பு எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது. அறுந்தால் நீங்கள்தான் மறுபடி அழைப்பீர்கள் என்பதை முன்பே பேசி வையுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் முயன்றால் இருவருக்கும் கிடைக்காது.

சாதாரணத் தகவலுக்குக் குறுஞ்செய்தியே மேல். பேச முடியாத அளவு சிக்னல் தடுமாறும்போதுகூடச் செய்தி ஒரு நொடியில் நழுவிப் போய்விடும். போட்டோ அனுப்புவதை மறந்துவிடுங்கள். இரிடியம் கைப்போனின் டேட்டா வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட். ஒரு எம்.பி. அளவுள்ள படம் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

பேட்டரி

இரிடியம் 9555, 9575 மாடல்கள் பேசினால் 4 மணி நேரமும், சும்மா ஆன் செய்து வைத்திருந்தால் 30 மணி நேரமும் தாங்கும். இன்மார்சாட்டின் ஐசாட்போன் 2 பேசினால் 8 மணி நேரம், சும்மா இருந்தால் 160 மணி நேரம். இதெல்லாம் புதுப் பேட்டரிக்கு, மிதமான வெப்பத்தில் சொன்ன கணக்கு. உறைபனியில் பேட்டரி சட்டென்று படுத்துவிடும். ஆகவே இரவில் போனைப் படுக்கைப் பைக்குள் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், பகலில் உள்சட்டைப் பையில். கூடுதல் பேட்டரி ஒன்று அவசியம். அதையும் அப்படியே கதகதப்பாக வையுங்கள்.

பவர் பேங்கை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில மாடல்களில் யூ.எஸ்.பி. துளை டேட்டாவுக்கு மட்டும்தான், அதில் சார்ஜ் ஏறாது. சார்ஜ் போடத் தனித் துளை, தனிக் கம்பி. வீட்டிலேயே அந்தப் பவர் பேங்கை மாட்டி, சார்ஜ் குறி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆபத்து வந்தால்

ஊரில் அடிக்கும் மூன்றிலக்க அவசர எண் சாட்டிலைட் போனில் சரியான இடத்துக்குப் போகும் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் போகும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மீட்பு மையம், கடலோரக் காவல் படை, மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம், இவர்களின் நேரடி எண்களை நாட்டுக் குறியீட்டோடு போனிலும் தாளிலும் வைத்திருங்கள். போனில் எஸ்.ஓ.எஸ். பொத்தான் இருந்தால், அதை அழுத்தினால் யாருக்குப் போகும் என்பதைக் கிளம்பும் முன்பே நிரப்பி வைக்க வேண்டும். அதைப் பதிவு செய்யாமலே கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

அழைப்பு கிடைத்ததும் இந்த வரிசையில் சொல்லுங்கள்: இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன நடந்தது, என்ன உதவி வேண்டும், உங்கள் சாட்டிலைட் எண், அடுத்து எப்போது போனை ஆன் செய்வீர்கள். பெயர், ஊர், பயணக் கதை எல்லாம் அப்புறம். இடம் தெரிந்துவிட்டால் அழைப்பு அறுந்தாலும் தேடிக் கிளம்புவார்கள்.

இடத்தைச் சொல்வதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. போனோ ஜி.பி.எஸ். கருவியோ அட்சரேகையைப் பலவிதமாகக் காட்டும். திரையில் 30.50 என்று இருந்தால் அது முப்பதரை டிகிரி. அதையே அவசரத்தில் "முப்பது, ஐம்பது" என்று சொல்கிறீர்கள். எதிரில் இருப்பவர் 30 டிகிரி 50 மினிட் என்று எழுதிக்கொள்கிறார். ஒரு டிகிரிக்கு 60 மினிட் என்பதால் முப்பதரை டிகிரி என்பது 30 டிகிரி 30 மினிட்தான். வித்தியாசம் 20 மினிட், அதாவது தரையில் சுமார் 37 கிலோமீட்டர். ஹெலிகாப்டர் வேறொரு பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் "முப்பது புள்ளி ஐந்து பூஜ்யம் டிகிரி, வடக்கு" என்று புள்ளியையும் டிகிரியையும் திசையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி, அவரைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குழு முழுவதும், ஊரில் இருப்பவர் உட்பட, ஒரே முறையைப் பயன்படுத்துவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

தகவல் சொல்லியாயிற்று என்றால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் மறுபடி அழைத்துப் புது இடத்தைச் சொன்ன பிறகே நகருங்கள். மீட்பவர்கள் திருப்பி அழைக்க நினைப்பார்கள். ஆகவே அதன் பிறகு போன் திறந்த வெளியில், ஆன்டெனா நிமிர்ந்தபடி, ஆன் ஆகியே இருக்கட்டும். இவ்வளவு நாள் சேமித்த பேட்டரி இதற்காகத்தான்.

திரும்பி வந்த பிறகு

கடலில் இருந்து வந்தால் போனை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, துளைகளின் மூடிகளைத் திறந்து காய விடுங்கள். உப்பு மின்முனைகளை அரித்துவிடும். பேட்டரியை முழுதாகக் காலி செய்தோ முழுதாக நிரப்பியோ வைக்காமல், பாதி சார்ஜில் கழற்றித் தனியாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து சார்ஜ் பார்த்து, வெளியே போய் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். வாடகைப் போன் என்றால், கொடுக்கும் முன் அதில் நீங்கள் சேமித்த எண்களையும் செய்திகளையும் அழித்துவிடுங்கள். சொந்தப் போன் என்றால் சிம்மின் காலக்கெடுத் தேதியைச் செல்போன் நாட்காட்டியில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள், கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பாகவே அடிக்கிற மாதிரி.